துருவும் தழும்பும்

ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் உயிர் எங்கே இருக்கிறது? இன்ஜினிலா, டேங்கிலா, சேஸிஸிலா?

ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால், ‘சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போனால் சரி’ என்பார்கள். மெக்கானிக்கைக் கேட்டால், ‘சத்தத்துல இருக்கு சார்’ என்பார். வீட்டில் கேட்டால்..? அங்கேதான் வம்பு!

நண்பர் வீட்டில் அப்படி ஒரு வம்பு. அவருடைய அப்பா 1968-ல் வாங்கிய புல்லட். திருவொற்றியூர் ஃபேக்டரி வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, நிதானமாக உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். முப்பது வருஷம் ஓட்டினார். அவர் போன பிறகு, மாடிப்படிக்கு அடியில் தார்பாய்க்குள் கிடந்தது.

அண்ணன், தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தா முழுக்க கிரீஸ், மண்ணெண்ணெய் வாசனை. டேங்குக்குள் துரு, கார்புரேட்டருக்குள் பிசின். கழற்றும் வரைக்கும் ஒற்றுமை. மாட்டும்போதுதான் சண்டை.

“ஃபேக்டரியிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டுவரணும்” என்றார் அண்ணன்.

“எதுக்குண்ணா, வேடிக்கை பார்க்கவா? டிஸ்க் பிரேக் போடலாம். பின் மட்கார்டை வெட்டிட்டு ஒத்தை சீட் வெச்சா சும்மா அள்ளும்!” என்றான் தம்பி.

“அப்புறம் அது அப்பா வண்டியாடா?”

இந்தக் கேள்விக்கு வயசு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம். கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டதை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 17-ம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னும் கொஞ்சம் குழப்பினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருத்தன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது அசல்?

புதுப்பேட்டையில் இது தத்துவம் இல்லை, தினசரி வியாபாரம். நீங்கள் எடைக்குப் போட்ட கார்புரேட்டர், இன்னொருத்தர் வீட்டு அப்பாவின் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்றமே தப்பு என்று சொல்லவும் முடியாது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது திருச்சி பெல் நிறுவனம். அதனால் அது தியாகராஜர் தேர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? ஓடுவதற்குத்தானே தேர்! டயர், பிரேக், ஒயரிங் எல்லாம் உயிர் சம்பந்தப்பட்டவை. அதில் சென்டிமென்ட் பார்க்கிறவர் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்பார்.

அப்படியானால் தம்பி சொன்னதுதான் சரியா? அங்கேயும் ஒரு இடறல். போல்ட் போட்டு மாட்டியதை நாளைக்கே கழற்றிவிடலாம். வெட்டியதை ஒட்டினால், ஒட்டிய அடையாளம் நிற்கும். சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 50 வருஷம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய 2021-ல் வந்த விதியும், அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். “பார்த்தியா, சட்டமே என் பக்கம்!”

ஆனால், அவர் ஒன்றை யோசிக்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து இறங்கிய அன்றைக்கு அந்த வண்டியை அவருடைய அப்பா தொட்டிருக்கவே மாட்டார். பளபளவென்று அந்த நாளுக்குத் திருப்பிக்கொண்டு போனால், கம்பெனியின் புல்லட் கிடைக்கும். அப்பாவின் முப்பது வருஷம் காணாமல் போகும். தம்பி கட்டரால் அழிக்க நினைத்ததை, அண்ணன் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அழிக்கப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பஞ்சாயத்தைத் தீர்த்தது அம்மா. காபி டம்ளரோடு வந்தவர் சொன்னார்... “என்ன வேணா பண்ணுங்க. டேங்க்ல இருக்கிற அந்தச் சொட்டையை மட்டும் எடுத்துடாதீங்கடா. கல்யாணமான புதுசுல உங்கப்பா என்னைக் கீழே போட்டப்போ விழுந்தது அது. மூணு நாள் நான் அவரோட பேசல!”

இரண்டு பேருமே அந்தச் சொட்டையை பழுது என்றுதான் லிஸ்ட்டில் எழுதியிருந்தார்கள்.

ஒரு பொருள் நம் கைக்கு வருவதற்கு முன்னால் யார் யாருடனோ வாழ்ந்திருக்கிறது. ஆர்.சி. புக்கில் நம் பெயர் இருக்கலாம். அதன் ஞாபகத்தில் பங்குதாரர்கள் நிறையப் பேர். அவர்களைக் கேட்காமல் அசலுக்குத் திருப்புவதும் தப்பு, வெட்டி அழகாக்குவதும் தப்பு. புல்லட்டுக்கு மட்டுமில்லை... பூர்விக வீட்டுக்கு, பாட்டியின் அலமாரிக்கு, ஏன், வயதான மனிதர்களுக்கும் இது பொருந்தும். நம் சௌகரியத்துக்காக எத்தனை அப்பாக்களை ‘சரிசெய்ய’ப் பார்க்கிறோம்!

துரு வேறு, தழும்பு வேறு. துரு, பொருளைத் தின்னும். அதை உடனே சுரண்டி எடுங்கள். தழும்பு, பொருளின் கதையைச் சொல்லும். உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்தக் கதை தெரிந்தவர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்!