முதலில் யார் போவது?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை வியாபாரியின் வீடு. நிஜ வீடு இல்லை, உதாரணத்துக்குத்தான். முன்னால் கடை, மாடியில் குடும்பம், பின்கட்டில் கூலிக்கு நெய்பவரின் தறி. மொத்தத்துக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே ரூட்டர். காலை பதினோரு மணி. கடையில் சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு வீடியோ காலில் முந்தானையை விரித்துக் காட்டுகிறார்கள். மாடியில் மகளுக்கு ஆன்லைன் தேர்வு. மகன் ஏதோ கேமை டவுன்லோட் செய்கிறான். தறிக்கு மேலே மாட்டிய கேமரா, சென்னையில் இருக்கும் பெரியவரின் போனுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று சிங்கப்பூர் அம்மாவின் முகம் உறைந்து நிற்கிறது. "இது மாம்பழக் கலரா, இல்ல..." என்பதோடு பேச்சும் நின்றுபோகிறது.

நீங்களாக இருந்தால் யாரை முதலில் விடுவீர்கள்?

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் கியூ.ஓ.எஸ். என்று ஒரு சமாசாரம் உண்டு. 'சேவைத் தரம்' என்று தமிழில் சொல்லலாம். பெயரில்தான் கம்பீரம். அது செய்வதெல்லாம் க்யூவில் யாரை முன்னால் நிறுத்துவது என்று தீர்மானிப்பதுதான். பாதை ஒரு அங்குலம்கூட அகலமாகாது. ஒருவருக்கு வழிவிட்டால் இன்னொருவர் நிற்கத்தான் வேண்டும்.

பேச்சுக்கு முதல் இடம் தருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒன்றாகப் போகிறது. வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ரொம்பத் தாமதமானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் "சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள். கேம் பத்து நிமிஷம் கழித்து வந்தாலும் அதே கேம்தான். பிரசவத்துக்குப் போகும் ஆட்டோவுக்கு மணல் லாரி ஒதுங்குகிற மாதிரி.

ஆனால் 'நான் அவசரம்' என்று சொல்வது யார்? சம்பந்தப்பட்ட பொட்டலமேதான்! 1981-ல் எழுதப்பட்ட இன்டர்நெட் விதியிலேயே, ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் முன்னுரிமையைக் குறிக்க மூன்று பிட் ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் எட்டுப் படிகள். 'ரொட்டீன்', 'இம்மீடியட்', 'ஃப்ளாஷ்' என்று பட்டாள வாசனை வீசும் பெயர்கள். ராணுவத்தில் அது செல்லும், பொய் சொன்னால் மேலதிகாரி கேட்பார். வெளியே யார் கேட்பது? வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் நிருபர்களா என்ன?

1980-களில் நடந்த ஒரு விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த என்.எஸ்.எஃப்.நெட்டில் அப்போது வேகம் வெறும் 56 கிலோபிட். நெரிசலில் எல்லாம் திணறியது. டேவிட் மில்ஸின் 'ஃபஸ்பால்' ரூட்டர்களில், கீபோர்டில் தட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு முதல் இடம், ஃபைல் அனுப்புகிறவர்களுக்குப் பின் இடம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஊருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் தங்கள் ஃபைலுக்குக் கீபோர்டு வேஷம் போட்டு அனுப்பியிருப்பார்கள். ஏற்பாடு வேலை செய்தது. எனக்கோ அதில் ஒரு நெருடல். பின்னால் தள்ளப்பட்டவனுக்கே தெரியாத ஒரு நியாயத்தை, சலுகையிலிருந்து அவன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பைக்கும் சைக்கிளும் ஒதுங்கித்தான் போக வேண்டும். அதுவும் முன்னுரிமைதான். ஆனால் எதற்காக என்று கண்ணுக்குத் தெரிகிறது. வேலை முடிந்தால் தெரு மறுபடி எல்லோருக்கும். நம் நாட்டில் இன்டர்நெட் கம்பெனிகளுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். 2015-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ம் தேதி, இன்ன தளத்துக்கு இன்ன விலை என்று பேதம் பார்க்கக் கூடாது என்று டிராய் ஆணையிட்டது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவில் மூட்டை கட்டியது. நெரிசலைச் சமாளிக்கக் கம்பெனிகள் ஏதாவது செய்தாலும் அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அப்புறம் வந்த நிபந்தனை.

வீட்டு ரூட்டருக்கு டிராய் வராது. அங்கே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்தான் ராஜா. பல ரூட்டர்களில் சுலபமாகக் கிடைக்கும் வசதி 'பேச்சுக்கு முதலிடம்' என்பதில்லை, 'இந்த போனுக்கு முதலிடம்' என்பது. எத்தனை மணி நேரத்துக்கு என்று சிலவற்றில் கேட்கும். நம் ஆட்கள் யோசிக்காமல் 'எப்போதும்' என்று தட்டுவார்கள். தறிக்காரர் சாப்பாட்டு நேரத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் பேசுகிறாரே, அதுவும் பேச்சுதான். விதி போனைப் பார்த்தால் அவர் கடைசி. பேச்சைப் பார்த்தால், சிங்கப்பூர் அம்மாவுக்குச் சமம். முதலாளிக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இப்போது சென்னைப் பெரியவர். அங்கிருந்தபடியே ரூட்டரையும் கேமராவையும் இயக்க ஆசைப்படுகிறார். சோம்பேறி வழி, வெளி உலகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு பாஸ்வேர்டை 'அட்மின்' என்றே விட்டுவைப்பது. 2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல், இப்படி மாற்றாமல் விட்ட அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அக்டோபர் 21-ம் தேதி அந்தப் படை 'டைன்' என்ற கம்பெனியைத் தாக்க, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. கேமராக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அடியாளாகப் போனது தெரியவே தெரியாது. ஆகவே பூட்டு நம் வீட்டுக்காக மட்டும் போடுவதில்லை, முன்பின் தெரியாதவர்களுக்காகவும்தான். பாஸ்வேர்டை மாற்றி, வெளிக்கதவைச் சாத்தி, வி.பி.என். என்ற மறைகுழாய் வழியாக, சாவி உள்ளவர் மட்டும் உள்ளே வருவது ஒழுங்கான வழி.

சரி, பூட்டியாயிற்று. அந்நியன் பார்க்க முடியாது. பெரியவர் பார்க்கலாம், எந்த நேரமும். கீழே குனிந்து நெய்பவருக்கு அவர் எப்போது பார்க்கிறார் என்று தெரியாது. வெளி ஆளைத் தடுக்க அந்தக் குழாய் போதும். உள்ளே இருப்பவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. க்யூவை ஒழுங்குபடுத்துகிறவரோ க்யூவிலேயே இல்லை, அவர் சென்னையில்!

நான் சொல்லக்கூடியது ரொம்பச் சின்ன யோசனை. எதற்கு முதல் இடம், எத்தனை மணி வரை, கேமரா எப்போது ஓடும், அதை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். வீட்டில் உள்ள எல்லோரும், தறிக்காரரும், படிக்கும்படியாக. முதல் இரண்டு வரியைப் பெரியவர் மளமளவென்று சொல்லிவிடுவார். கேமராவைப் பற்றிய வரி வரும்போது, "அதை எதுக்குங்க எழுதணும்?" என்பார் என்று நினைக்கிறேன்.