ஊரடங்கு நாளில் எய்திய இன்பம்

பிறர் துன்புறுங் காலத்துத் தாம் எய்திய இன்பத்தை ஒருவர் இன்பமென ஒப்புக்கொள்ளுதல் அறமாகுமோ ஆகாதோ என்னும் வினா பழையதொன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் தொட்டு இந்நாடு முழுதும் ஊரடங்கிக் கிடந்த காலத்தை நினையுந்தோறும் அவ்வினா புதிய வடிவுகொண்டு எழுகின்றது. இதனை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்கு ஏது, எம்பாற் சித்தாந்தம் பாடங்கேட்டுவரும் அன்பர் ஒருவர் நிகழ்த்திய ஐயமேயாம்.

அவர் சென்னையிற் கணக்கெழுதும் அலுவலினர். 2021-ஆம் ஆண்டு வேனிலிற் பெருகிய கொரோனா இரண்டாம் அலையில் தம் தாய்மாமனை இழந்தவர். ஒருநாட் பாடம் முடிந்தபின், "ஐயா, அந்த நோய்க்காலத்தை நினைத்தால் மாமாவின் பிரிவு நினைவுக்கு வருமுன்னே, முதலாண்டில் வீட்டோடு இருந்த நாற்பது நாளின் மகிழ்ச்சிதான் முன்வந்து நிற்கிறது. இது பாவமில்லையா?" என்று கண்கலங்கி வினவினார். உடனே விடைகூற எமக்கு மனம் வந்திலது. எத்தகைய மகிழ்ச்சி என மீட்டும் உசாவினேம்.

அவர் கூறியவை மிகச் சிறியன. விடியலில் மின்தொடரேறி இருண்டபின் இல்லம் மீள்பவராகிய அவர், தம் கொல்லையில் நிற்கும் மல்லிகை மாலையில் எப்பொழுது முகையவிழ்கின்றது என்பதனைப் பத்தாண்டு குடியிருந்துங் கண்டிலர், அந்நாளிற் கண்டார். தம் மகள் ழகரம் எழுதுங்கால் நாவின் நுனியைக் கடைவாயிற் செருகிக்கொண்டே எழுதுவாள் என்பதனையும் அந்நாளிலேயே கண்டார். நண்பகலில் இல்லத்தார் எல்லாரும் ஒருங்கிருந்து உண்ட சோற்றின் சுவையை இருமுறை எடுத்துக் கூறினார். அவ்வளவே. பொன் சேர்ந்ததும் இல்லை. பதவி உயர்ந்ததும் இல்லை.

இஃது அவரொருவர்க்கே நேர்ந்ததன்று. அவ்வாண்டு ஏப்பிரல் தொடக்கத்திற் பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரத்தார் தம் மாடிகளில் நின்று தௌலதார் மலைத்தொடரின் பனிமுடிகளைக் கண்டு வியந்தனர். ஊர்திப்புகையும் ஆலைப்புகையும் அடங்கி வான் தெளிந்தமையின் அவை புலப்பட்டன. ஏறத்தாழ முப்பதாண்டாக அக்காட்சி அந்நகரத்தார்க்கு வாய்த்திலது என முதியோர் கூறினர். இளையோர் பலர்க்கு அதுவே முதற்காட்சி. மலை அன்று வந்து நின்றதன்று என்பதனை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்க.

எமக்கும் ஒன்று வாய்த்தது. இல்லப்பணிக்கு வரும் அம்மையாரைத் திங்கட்கூலி குறையாமற் கொடுத்து அவர்தம் வீட்டிலேயே இருக்கச் சொன்னமையாற் கீரை ஆயும் வேலை எம் பங்காயிற்று. நாற்பதாண்டு ஏடாய்ந்த கைக்கு இஃதொரு பொருட்டோ என எண்ணிக் கூடத்தில் அமர்ந்தேம். முளைக்கீரைத் தண்டின் இளமையை நகம் அறியும், கண் அறியாது என்பதும், பூச்சியரித்த இலையினை அடிப்புறத்தால் அறியவேண்டும் என்பதும், கீரையின் நடுவே கீரைபோலவே புல்லொன்று ஒளிந்திருக்கும் என்பதும் மெல்ல விளங்கின. அதில் ஓர் இன்பமும் பிறந்தது. எம் இல்லாள் அடுக்களையிலிருந்து, "ஏடு ஆய்வது போல ஆய்ந்துகொண்டிருந்தீர்களானால் இது இராவைக்குத்தான் ஆகும், இராவிலே கீரை உண்ணலாகாதே" என்றாள். நூலை ஆய்தலுங் கீரையை ஆய்தலும் ஒரு சொல்லாயினமை வறிதன்று. தொல்காப்பியனார் உரியியலில் ஆய்தல் என்பதற்கு உள்ளதன் நுணுக்கம் என்றே பொருள் வகுத்தார். ஆசிரியர் கருதியது பொருளின்மேல் நிகழும் நுண்மையை. யாம் அதனைக் காண்பான்மேல் ஏற்றிக் கூறுகின்றேம். புதியதொன்று வந்து சேராமல், உள்ளதே நுணுகித் தோன்றியவழிப் பிறந்த இன்பம் அது. அன்பர் கண்ட மல்லிகையும் ஜலந்தரத்தார் கண்ட மலையும் இவ்வகையினவே.

இனி, அவ்வின்பத்தை உவகையென்னும் மெய்ப்பாட்டின்பாற் படுத்தல் ஆகுமோ எனின், அதன் நிலைக்களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காக மெய்ப்பாட்டியலில் ஓதப்பட்டன. புலனை உரையாளர் அறிவுடைமை என்பர். ஆகலின் இஃது அதன்பாற் படும். ஆனால் ஆசிரியர் அவ்வுவகைக்கு அல்லல் நீங்கியது என்னும் அடையும் புணர்த்தார். முடிச்சு ஈண்டே உள்ளது. அல்லல் ஊரெங்கும் நிறைந்த நாளிற் பிறந்த உவகை அல்லல் நீங்கியது ஆமாறு என்னை?

இதற்கு இருதிறத்தார் இருவகையாக விடையிறுக்கக் கேட்டுள்ளேம். ஒருதிறத்தார், உலகம் அழுதகாலை மகிழ்ந்தது குற்றமே, அதனை வாய்திறவாது மறைத்தலே தக்கது என்பர். அது பொருந்தாது, என்னை? அன்பர் மல்லிகையைக் காணாது கண்மூடியிருந்திருப்பின் எந்த நோயாளிக்கும் ஒரு மூச்சு மிகுதியாகக் கிடைத்திராது. அன்றியும், தனு கரண புவன போகம் என நான்கினையும் உயிரின் மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் கூட்டுவித்தான் எனக் கொள்ளும் நம் நூல், போகத்தைப் பகையென ஒதுக்கியதன்று. யான், எனது என்னும் செருக்கு அதனொடு கூடியவழியே அது கட்டாகும்.

மற்றைத்திறத்தார் கூற்றே எமக்கு மிக்க வருத்தம் தருவது. அவர், அந்நோயே ஓர் அருள், ஓடித்திரிந்த மக்களை இல்லிலிருத்திப் பாடங் கற்பிக்க வந்தது என்பர். இறைவன் செய்யும் ஒறுப்பும் கருணையே, அது மறக்கருணை எனப்படும் என்பது நம் துணிபுதான். அதனை மறுப்பேம் அல்லேம். ஆயின் அது நோயுற்றான் தன்னளவில் துணிந்து ஆறுதல் பெறுதற்குரிய உண்மை. நோயில்லான் அடுத்த வீட்டான் படுக்கைமேல் எறிதற்குரிய சொல்லன்று. நெற்குதிர் நிறைந்த வீட்டிலிருந்துகொண்டு ஊரார் பட்டினியை அருள் என்பார் சித்தாந்தம் கூறுவாரல்லர். தம் வசதியைக் கூறுவார்.

அற்றேல், அவ்வின்பம் நோயினாற் பிறவாது வேறெதனாற் பிறந்தது எனின், கூறுதும். சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்துக் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் கண்ணையும் உயிரையும் உவமையாக்கி விளக்கப்படுதல் கற்றோர் அறிவர். கண் விழித்திருப்பினும், பொருள் எதிர்நிற்பினும், உயிர் உடனின்று காட்டிக் காணாதவழிக் கண் காணாது. அன்பரின் கண் பத்தாண்டும் விழித்தே இருந்தது. உயிரோ மின்தொடரின் நேரத்திலும் கணக்கேட்டிலும் அழுந்தி நின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பாகலின், விரைவைச் சார்ந்த உயிர் விரைவேயாயிற்று. அச்சார்பு அறுபட்டபொழுது கண்முன் நின்றது காட்சியாயிற்று. எனவே நோய் இன்பத்தைத் தந்ததன்று. விரைவு மறைத்ததனை விரைவின் நீக்கம் காட்டிற்று. விரைவு வேறோர் ஏதுவான் நீங்கியிருப்பினும் அதுவே விளைந்திருக்கும்.

இங்ஙனங் கூறி அமைதல் கூடுமாயின் எளிதே, கூடாது. விரைவு நீங்கி இல்லிருத்தல் எல்லார்க்கும் வாய்த்ததன்று. அந்நாளிற் பல்லாயிரவர் கூலியற்றுத் தலையிற் சுமையும் இடுப்பிற் குழந்தையுமாக நூற்றுக்கணக்கான கல் நடந்தனர். 2020 மே 8-ஆம் நாள் விடியற்காலையில், அந்நாளில் ஔரங்காபாத் எனப்பட்ட ஊரின் அருகே, நடந்து களைத்து இருப்புப்பாதையிலேயே துயின்ற கூலியாளர் 16 பேர் சரக்குவண்டி ஏறி மாண்டனர். அவரும் நாற்பது நாளும் விண்மீன் கண்டிருப்பர். அதனை இன்பமென யார் கூறுவார்? வீட்டுள் இருந்தார்க்கு வாய்த்த ஓய்வு, வெளியில் நின்றார் சிலர் கொடுத்த விலையினாற் பெறப்பட்டது. தெருக்கூட்டியவர், பாலளந்தவர், மருத்துவமனையில் இரவுபகல் நின்றவர், எம் வாயிலில் முகத்தை முந்தானையாற் பொத்திக்கொண்டு அக்கீரையைக் கொணர்ந்த மூதாட்டி ஆகியோர் யாரும் வீட்டோடு இருந்தாரல்லர்.

இதனைக் கூறியபொழுது அன்பர் நெடிது வாளாவிருந்தார். பின்னர், தம் மாமன் மின்வாரியத்திற் கம்பமேறுந் தொழிலினர் என்றும், அந்நாற்பது நாளில் ஒருநாளும் வேலை நீங்கினாரல்லர் என்றும், தம் வீட்டு மின்விசிறி சுழன்றது அவர்போல்வார் கையினால் என்றும் கூறினார். அதனை அவர் முன்பே அறிவார். மகிழ்ச்சியோடு சேர்த்து எண்ணியதுதான் அன்று முதலாயிற்று. ஆகவே அவர்க்கு யாம் கூறிய விடை இது: அவ்வின்பம் பாவமன்று, அது கடன். பாவமாயின் கழுவாய் தேடி மறத்தல் வேண்டும். கடனாயின் நினைவில் வைத்தல் வேண்டும். மாமனின் பிரிவும் அந்நாளின் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று தள்ளி முன்வந்து நிற்பன அல்ல. ஒன்று மற்றொன்றனைத் தாங்கி நின்றது. அல்லல் நீங்கிய உவகை என்பதற்கும் அல்லலை அறியாத உவகை என யாம் பொருள் கொள்கின்றிலேம்; பிறர் அல்லலைத் தனக்கு ஏதுவாக வேண்டாத உவகை என்றே கொள்கின்றேம். இது வலிந்து கொண்ட பொருள் என்று புலவர் எவரேனும் கருதுவாராயின், அவர் எழுதுவதனைக் கற்கக் காத்திருக்கின்றேம்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. ஊரடங்கு நீங்கியபின் அவ்வின்பம் நில்லாது போயிற்றே, மெய்யின்பமாயின் நிலைத்திராதோ என்பர். நம் நாட்டுப் பெருங்கோயில்களின் வாயில் அன்பர்க்கு 2020 செப்டம்பர் 1-ஆம் நாளிலேதான் திறந்தது. அதற்கிடையே, மே 4-ஆம் நாள், மதுரையில் அம்மையப்பர் திருக்கல்யாணத்தைச் சிவாசாரியர் சிலரே நின்று நிகழ்த்த, ஊரார் திரையிற் கண்டு கைகூப்பினர். வாயில் திறந்தநாள் விளக்கொளியிற் கருவறையைக் கண்டு வாய்விட்டழுதாரை யாம் கண்டேம். சில திங்கள் கழித்து அவருட் சிலர் அதே வரிசையிற் கைப்பேசியிற் பேசிக்கொண்டு நின்றதனையுங் கண்டேம். விளக்கு குறைந்ததன்று, சார்பு மீண்டது. வாசனை உயிரை எளிதில் விடாது என்பது நாம் அறியாததோ? அழுதநாள் பொய்யெனல் இதனாற் பெறப்படாது.

அன்பர் இப்பொழுதும் இருண்டபின்னரே இல்லம் மீள்கின்றார். மல்லிகையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் பார்ப்பதாகவும், முதற்பூவை மாமனின் படத்துக்கு மகள் வைப்பதாகவும், ஏனை ஆறுநாளும் மறந்துவிடுவதாகவும் கூறி நாணினார். ஞாயிறு போதும் என்றேம்.