கொம்பொடிந்த நந்தி

ஊத்துக்கோட்டையில் கால்வாய் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண்டலேறு அணையில் புறப்படும் கிருஷ்ணா தண்ணீர் 152 கிலோமீட்டர் ஓடிவந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தை ஜீரோ பாயிண்ட் என்போம். அங்கே கேஜ் பார்த்து, வினாடிக்கு எத்தனை கன அடி என்று நோட்டில் எழுத வேண்டும். 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. 1996இல் முதல் தண்ணீர் வந்தது. பிறகு எத்தனையோ வருஷம் பாதிகூட வரவில்லை. வந்ததை எழுதுவோம். வராததை எழுத நோட்டில் கட்டம் கிடையாது.

சாமி விஷயத்திலும் எனக்கு இந்த லஸ்கர் புத்திதான்.

எங்கள் ஊரைத் தாண்டி ஆந்திரா எல்லைக்குள் காலை வைத்தால் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் குடித்த சிவன் அங்கே அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பெருமாள் படுத்திருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை, அவர் வழக்கம் அது. சிவன் படுத்தால்தான் உறுத்துகிறது. ஒரு பிரதோஷத்தன்று உபன்யாசம் செய்தவர், "ஈசனுக்கு ஏது களைப்பு? அது லீலை" என்றார். எனக்கு ஒப்பவில்லை. லீலையென்றால், விஷம் இறங்காமல் தொண்டையைப் பிடித்து நிறுத்தினாளே அம்பாள், அவள் பதறியதும் சும்மாவா?

வேலையில் கடைசி வருஷம் கேஜில் எண்கள் மங்கின. பாசி என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய் தேயென்று தேய்த்தேன். முதலில் காட்டிய இடத்தில் இரண்டு தடவை கண்ணாடிதான் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் சென்னையில் பார்த்தபோது, கண்ணழுத்த நோய் என்று தெரிந்தது. போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தில் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகுதான் பூண்டி ஏரிக்குப் போனேன். பாதி வாழ்க்கை அந்த ஏரிக்குத் தண்ணீர் அனுப்பியவன், கரையிலிருக்கும் ஊன்றீஸ்வரரை அதுவரை பார்த்ததில்லை. பாடல் பெற்ற திருவெண்பாக்கம் அதுதான். 1944இல் அணை வந்தபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போய்விட, சாமியை மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையின் தாகத்துக்கு வீட்டைக் காலி செய்த சாமி. திருவொற்றியூரில், பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலிக்குச் செய்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், இங்கே வந்து பார்வை கேட்டார். கிடைத்தது ஒரு ஊன்றுகோல். பார்வை பிறகுதான் வந்தது, ஒரு கண் காஞ்சிபுரத்தில், இன்னொன்று திருவாரூரில். இங்கே கோபத்தில் அவர் கோலை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். அந்த நந்தி இன்னும் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணைக் கொடுக்க முடிந்தவர் கோலைக் கொடுப்பானேன்? தண்டனை என்பார்கள். சுந்தரர் சத்தியத்தை மீறியதைப் பார்த்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் என்ன சத்தியத்தை மீறினேன்? எல்லாம் வைத்துக்கொண்டு கிள்ளிக் கொடுக்கிற சாமியோடு எனக்கு ஒத்துப்போகாது. விஷத்தை வாங்கிக்கொண்டு அசந்து படுத்த சாமி, கையில் இருந்த கோலைக் கொடுத்தார் என்றால் மனசு ஏற்றுக்கொள்கிறது. "முடியாத சாமியிடம் என்னத்துக்குக் கேட்கிறாய்?" என்கிறான் மச்சான். கண்டலேறே வற்றிக் கிடக்கும்போது ஷட்டர்காரனைத் திட்டி என்ன பயன் என்று அவனிடம் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிகிறது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மருந்து. நானே விட்டால் கன்னத்தில்தான் விழும். அதனால் வீட்டுக்காரி மடியில் தலைவைத்துப் படுக்கிறேன். சொட்டு விட்டதும் மருந்து தொண்டைக்கு இறங்காமல் மூக்கோரம் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். "ஆடாதய்யா" என்று அதட்டிக்கொண்டே, சீரியல் பார்த்தபடி பிடித்திருக்கிறாள்.