மேடில்லாத பாதை

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சைக்கிள் ஓட்டத் தனித்திறமை எதுவும் வேண்டாம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே போகிறது பாதை. மூச்சிரைக்க வைக்கும் ஏற்றம் ஒன்றுகூடக் கிடையாது. சவுக்கும் தென்னையும் நிழல் தருகின்றன. ஒரு பக்கம் எப்போதும் கடல் இருப்பதால் வழி தவறவும் முடியாது. இப்போதுதான் ஓட்டப் பழகும் பிள்ளைகளும் எழுபதைத் தாண்டியவர்களும் போகிற பாதை அது. விடிகாலையில் அங்கே தனியாக ஓட்டுவது என் நெடுநாள் பழக்கம்.

சைக்கிளில் தீவிரமாக இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால், "அதில் என்ன சவால் இருக்கிறது?" என்கிறார்கள். அவர்கள் ஃபேபர் மலையில் ஏறுகிறவர்கள், ஒரே நாளில் தீவைச் சுற்றி வருகிறவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பாடுபட்டுப் பெற்றதே நிலைக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கேள்வி சைக்கிளோடு நிற்பதுமில்லை. சுலபமாகக் கிடைத்ததற்கு மதிப்பு உண்டா? மேடு பள்ளம் இல்லாத ஒரு வாழ்க்கை வாய்த்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடினமான ஏற்றத்தில் மனிதன் தன் உடம்புக்குள் அடைபட்டுவிடுகிறான். தொடை வலிக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் முன்சக்கரத்துக்கு அப்பால் போவதில்லை. அதிலும் ஒரு நிறைவு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் சமதளத்தில் கால்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ள, கவனம் முழுவதும் வெளியே திரும்புகிறது. கரைக்கு எதிரே நீரிணையில் எத்தனையோ கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. நீரோட்டம் திசை மாறினால் அவையும் மெல்லத் திரும்புகின்றன. அவற்றின் முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். பிடோக் படகுத்துறையில் தூண்டில் போட்டிருப்பவர்கள் பேசாமல் நிற்கிறார்கள். ஒரு தாத்தா பேத்தியின் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, அவளுக்குத் தெரியாமல் கையை எடுத்துவிடுகிறார். இவற்றை எல்லாம் பார்க்கக் கண் மட்டும் போதாது, மனம் ஒழிவாகவும் இருக்க வேண்டும். அந்த ஒழிவைத் தருவது பாதையின் சுலபம்தான். கூட யாரும் இல்லாததால் யாருடைய வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியதில்லை. நிற்கத் தோன்றினால் நிற்கலாம்.

அந்தச் சுலபம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோதுதான் என் எண்ணம் அடுத்த கட்டத்துக்குப் போனது. இந்தக் கரை இயற்கை கொடுத்ததில்லை. 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்புத் திட்டத்தில் உருவானது. பிடோக், சிக்லாப் வட்டாரத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடலுக்கு அனுப்பிக் கொட்டினார்கள். வேலை கட்டம் கட்டமாக 1980கள் வரை நீண்டு, 1,500 ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் எழுந்தது. மரின் பரேட்டின் அடுக்குமாடி வீடுகள் நிற்பது அந்த மண்ணின் மேல்தான். அதற்கு முன்பு காத்தோங் பங்களாக்களுக்கு அருகிலேயே அலை வந்து போனது. சிக்லாப்பிலும் பிடோக்கிலும் மலாய் மீனவர்கள் வீட்டு வாசலிலிருந்து படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடல் தள்ளிப்போனதும் கம்பங்கள் எனப்பட்ட அவர்களுடைய கிராமங்களும் தொழிலும் போயின.

ஆகவே நான் மேடே இல்லாமல் ஓட்டுகிறேன் என்றால், எங்கோ இருந்த மேட்டை யாரோ வெட்டிச் சுமந்திருக்கிறார்கள் என்று பொருள். வேறு யாரோ தம் கடலை இழந்திருக்கிறார்கள். எந்தச் சுலபத்தைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் ஒருவருடைய பாடு கிடக்கிறது. இந்தக் கணக்கு அன்றோடு முடிந்துவிடவும் இல்லை. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் கப்பலின் மேல் மோதியது. கசிந்த எண்ணெய் இந்தக் கரை வரைக்கும் வந்தது. கடற்கரையை மூடினார்கள். நூற்றுக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்கள் வெயிலில் நின்று கறுத்த மணலை வாரி மூட்டை கட்டினார்கள். இன்று அந்த மணலில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தைக்கு அது தெரியாது. தெரியாமல் நடக்க முடிகிறது என்பதே அந்த உழைப்பின் வெற்றி.

இனியும் உழைப்பு காத்திருக்கிறது. சிங்கப்பூரின் நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று நாட்டின் பருவநிலை ஆய்வு சொல்கிறது. அதிலிருந்து நிலத்தைக் காக்க, இந்தக் கரைக்கு எதிரே ஏறத்தாழ 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' என்ற புது நிலத்தை எழுப்பும் திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். இடையில் அகப்படும் நீர் நன்னீர்த் தேக்கமாகும். இன்றைய கடலோரப் பாதை அப்போது ஏரிக்கரைப் பாதையாகிவிடும். காத்தோங்கின் பழைய கரைக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். சுலபம் ஒருமுறை கட்டிவைத்தால் என்றைக்கும் நிற்பதல்ல. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திரும்பவும் கட்டித்தர வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வது உண்டு: "நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா? உங்களுக்கு எல்லாம் கைக்கு வந்துடுது." வயிறெரிந்து சொல்வதில்லை, பிள்ளைகள் உழைப்பின் அருமை தெரியாமல் போய்விடுவார்களோ என்ற பயம் அது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் வெட்டிய குன்றைத் திரும்ப எழுப்பி ஏறச் சொல்வது மருந்தாகாது. மேட்டை வெட்டியவர்கள் அதைச் செய்ததே, பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்காமல் போகட்டும் என்றுதான்.

சுலபமான வழியில் போகிறவரிடம் கேட்க வேண்டியவை வேறு. முதலாவது, மிச்சமாகும் கவனத்தை அவர் எங்கே செலவிடுகிறார் என்பது. பாதை தட்டையாக இருக்கிறது என்பதற்காகத் தலையைக் குனிந்து வேகத்தையே துரத்தினால் கிடைத்ததை வீணாக்குகிறார். இரண்டாவது, தன் சுலபம் இன்னொருவருக்குச் சிரமமாகாமல் பார்த்துக்கொள்கிறாரா என்பது. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். முன்னே ஒரு குழந்தை தள்ளாடிக்கொண்டு போனால் அதில் பாதிகூட அதிகம்தான். மூன்றாவது, பாதை இருந்தபடியே அடுத்தவர் கைக்குப் போவதற்கு அவர் தன் பங்கைச் செய்கிறாரா என்பது. அந்தப் பங்கு வழியில் கிடக்கும் கண்ணாடித் துண்டை ஓரமாக எடுத்துப்போடுவதில் தொடங்குகிறது. கடல் உயர்வதற்குக் காரணமான நம் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்வது வரை போகிறது.

இந்த மூன்றையும் செய்கிறவர் எந்த மலையிலும் ஏறித் தன்னை நிரூபிக்கத் தேவையில்லை. முன்னோர் பட்ட பாட்டுக்கு நன்றி சொல்ல, அதை நாமும் ஒருமுறை பட்டுப் பார்க்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் வாங்கித்தந்த ஒழிவில் கண்ணைத் திறந்து வைத்திருந்து, அடுத்து வருகிறவருக்கு இடம் விட்டு ஓட்டினாலே போதும்.