மேகத்துக்கு வாடகை இல்லை

பாரியோவில் மூன்று நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டேன் என்றால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அப்புறம் அந்த மூணு நாள்ல என்னடா பண்ண?” என்பதுதான். நேரம் கிடைத்தால் அதை உருப்படியாக்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு. உப்பு ஊற்றுக்குப் போயிருக்கணும், பெருங்கற்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கணும். இரண்டையும் செய்தேன்தான். ஆனால் ‘பயன்படுத்திக்கொள்வது’ என்ற சொல் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது.

சரவாக்கின் வடகிழக்கில், கலிமந்தான் எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெலாபிட் மக்களின் மேட்டுநிலம் பாரியோ. மிரியிலிருந்து 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் விமானத்தில் ஒரு மணி நேரம் போல ஆகும். மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட மண்சாலையில் போனால் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஏறுவதற்கு முன்னால் பையோடு சேர்த்து நம்மையும் தராசில் நிறுத்துவார்கள். மலைகளுக்கு நடுவே மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு விமானம் இல்லை, அவ்வளவுதான். சூரிய மின்கலங்களைச் சரிபார்க்க இரண்டு இரவு தங்கப் போனவன் நான். மேகம் ஐந்தாக்கியது.

பொறியாளர்களுக்குக் காத்திருத்தல் என்றாலே ஆகாது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ தொழிற்சாலையில் களைய வேண்டிய வீண்களை ஏழாக வகுத்தார். காத்திருத்தல் அதில் ஒன்று. தொழிற்சாலைக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு கம்பத்தில் அது ஒரு பக்கக் கணக்குதான். என் மூன்று நாள் எனக்கு வீணா லாபமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அதே மூன்று நாளும் வேறொருவருடைய அடுப்பில் செலவாகிக்கொண்டிருந்தது. பாரியோ அரிசியை வருடத்துக்கு ஒரு போகம்தான் நடுகிறார்கள். எரிவாயுக் கலன் அந்த மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி வருகிறது. மிரியில் கொடுக்கும் விலை அங்கே செல்லாது. நான் பசியாறிய ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் இதெல்லாம் இருந்தது.

விமானத்திடலில் என்னோடு ஒரு பெரியவரும் காத்திருந்தார். மிரி மருத்துவமனையின் தேதி போட்ட கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அந்தத் தேதி இரண்டாவது நாளே கடந்துவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம் போய், கிடைத்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்க முடியுமா? ஒரே மேகம்தான். எனக்கு அது எதிர்பாராத விடுமுறை, அவருக்கு ஒவ்வொரு மழைக்காலமும் அதுதான் வாழ்க்கை. எதிர்பாராத தாமதத்தைச் சுற்றுலாவாக மாற்றச் சொல்லித்தரும் பயணக் கட்டுரைகளில் இப்படிப்பட்டவர்கள் வருவதே இல்லை. வந்தாலும் ‘புன்னகைக்கும் உள்ளூர் முதியவர்’ என்று படத்துக்குக் கீழே வருவார்கள்.

அப்படியென்றால் எதையும் பார்க்காமல் கைப்பேசியோடு திடலிலேயே உட்கார்ந்திருப்பதுதான் நேர்மையா? அதுவும் ஒருவகை அவமதிப்புதான். சோறு போடுகிற ஊரை வெறும் காத்திருப்பு அறையாக நடத்துவது அது.

நம் மரபில் இதற்கு விடை தேடினால் ஒரு வேடிக்கை. குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளும் விருந்து வைப்பவரைப் பார்த்துத்தான் பேசுகின்றன. வந்தவன் என்ன செய்யணும் என்று ஒரு வரி இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி மட்டும்தான் வந்தவனைப் பார்த்து லேசாகக் கனைக்கிறது. இம்மானுவேல் காண்ட் 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதியபோது இன்னும் கறாராகப் பிரித்தார்: அந்நியனுக்கு வந்துபோகும் உரிமை உண்டு, விருந்தாளியாக இருக்கும் உரிமை கிடையாது. அனுப்பினால் அவன் அழிந்துபோவான் என்றால் மட்டும் அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. காண்ட் கணக்குப்படி பாரியோ எனக்குக் கடன்பட்டிருந்தது மிகக் கொஞ்சம். தலைக்கு மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். மீதியெல்லாம் அவர்களாகக் கொடுத்தது.

அதனால்தான் காசு விஷயம் சிக்கலானது. நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி அறை வாடகைக்கு விடுபவர். நல்ல வியாபாரி, முதல் இரண்டு இரவுக்கும் ரசீதோடு பணம் வாங்கினார். மீதி மூன்று இரவுக்கு நீட்டியபோது வாங்கவில்லை. “மொதல்ல நீ வேலைக்கு வந்தே, காசு வாங்கினேன். இது மேகம் பிடிச்சு வச்ச ராத்திரி. மேகத்துக்கு எப்படி வாடகை வாங்குறது?” மலாயில் அவர் சொன்னது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்.

‘கம்பத்து மக்கள் வெள்ளந்தியானவர்கள்’ என்று இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. எதற்கு விலை, எதற்கு இல்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். நான் வற்புறுத்திக் கொடுத்திருந்தால் அந்தக் கோட்டை அழித்து, அவரை மறுபடி வியாபாரியாக மட்டும் ஆக்கியிருப்பேன். கொடுக்காமல் வந்தால் மூன்று நாள் சோறு கடனாக நிற்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் கனடாவின் கேண்டர் ஊரில் இறங்கின. ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்த ஊர், 6,500க்கும் மேற்பட்டவர்களைச் சுற்றுவட்டார ஊர்களோடு பகிர்ந்துகொண்டு நாள்கணக்கில் சோறு போட்டது. பக்கத்து லூயிஸ்போர்ட்டில் தங்கவைக்கப்பட்ட ஒரு விமானத்தின் பயணிகள், திரும்பும் வழியில் வானத்திலேயே பணம் சேர்த்து அவ்வூர் மாணவர்களுக்குக் கல்வி நிதி தொடங்கினார்கள். யாரிடம் சாப்பிட்டோமோ அவரிடமே திருப்பித் தராமல், அவர் ஊருக்குத் தருவது. எனக்குப் பிடித்த விடை இது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தால் நடக்கும். நான் ஒரே ஆள்.

என் கடனுக்கு வழியை ஆன்ட்டியே சொன்னார். மிரியில் படிக்கிற மகளுக்கு அரிசியும், பா உமோர் ஊற்றில் காய்ச்சிய உப்பும் எடுத்துப் போகணும். தராசில் நின்றபோது எடை கூடிவிட்டது. கருவிப் பையை இறக்கி, சாலை வழியாக அனுப்பச் சொல்லிவிட்டு அரிசியோடு ஏறினேன். மருத்துவமனைப் பெரியவர் அதற்கு முந்தைய விமானத்திலேயே போய்விட்டிருந்தார். அவருக்குப் புதுத் தேதி எப்போது என்று கேட்க நேரமில்லை.

கருவிகள் ஒரு வாரம் கழித்து, முழுக்கச் சேறோடு வந்தன. அலுவலகத்தில் செலவுப் படிவம் நிரப்பும்போது கடைசி மூன்று இரவுக்கும் ரசீது எங்கே என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டார். இல்லை என்றேன். “அப்போ எங்க தங்குனீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் 0.00 என்று தட்டினார்.