உறவும் நடுவுநிலையும்

சுற்றத்தாரைப் பேணுதல் அறம் என்பது நம் முன்னோர் கொள்கை. திருக்குறளில் சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இவ்விரண்டு அறங்களும் எதிர்ப்படும் இடத்தில் மனிதன் எதனைக் கைக்கொள்வது? இப்பழைய வினாவுக்குக் கம்பெனிச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது.

ஒருவர் தம் கடைக்கு வேண்டிய சரக்கை மைத்துனரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினால், அது அவருடைய தாராள மனம்; இழப்பும் அவருடையதே. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியின் நிலை வேறு. அதனை நடத்துவோர் சிலர். பணம் இட்டோர் பல்லாயிரவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தவரும், மகளின் திருமணத்துக்குச் சேமித்தவரும் அவர்களுள் அடங்குவர். அங்கே நிர்வாகி தம் உறவினருக்குக் காட்டும் தாராளம், ஊரார் பணத்தில் செய்யும் தருமமே ஆகும்.

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2008 டிசம்பர் 16 அன்று அதன் இயக்குநர் குழு, தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தாரைச் சார்ந்த மேத்தாஸ் நிறுவனங்கள் இரண்டினை 160 கோடி டாலருக்கு வாங்க முடிவு செய்தது. சத்யத்தில் அக்குடும்பத்தின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. முதலீட்டாளர் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தால் உண்மை வெளிப்பட்டது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. அப்பள்ளத்தை மூடும் இறுதி முயற்சியே அக்கொள்முதல் என்று அவரே எழுதினார்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 188ஆம் பிரிவும், செபி 2015இல் வகுத்த விதிகளுள் 23ஆவதும் உறவினரோடு கொடுக்கல் வாங்கலை அடியோடு தடுக்கவில்லை. உறவை மறைக்கலாகாது, தணிக்கைக் குழுவின் சுயேச்சை இயக்குநர்கள் அதனை ஆராய்ந்து இசைய வேண்டும், பெருந்தொகையாயின் பங்குதாரர் இசைவும் வேண்டும், அவ்வாக்கெடுப்பில் உறவுடையோர் ஆதரித்து வாக்களிக்கலாகாது. அயலாரிடம் வாங்கினால் என்ன விலையோ, அதுவே அளவுகோல்.

எவர் உறவினர்? கம்பெனிச் சட்டத்தின் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், மருமக்கள், உடன்பிறந்தோர் உளர், தாய்மாமன் இல்லை! தாய்மாமன் மடியில்லாமல் தமிழர் வீட்டில் காதுகுத்து உண்டோ? செபி விதிகள் வலையை மேலும் அகல வீசியுள்ளன. எனினும் எந்தப் பட்டியலுக்கும் அப்பால் உறவு நீளும். அவ்விடத்தை மனச்சான்றுதான் காக்க வேண்டும்.

எம்மைப் போன்ற மத்திய அரசு ஊழியருக்கு இது புதிதன்று. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, தம் குடும்பத்தார் நலன் கலந்த ஒப்பந்தத்தை ஊழியர் தாமே முடிவு செய்யாமல் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். விழா விருந்துப் பொறுப்பு செயலாளரின் மைத்துனருக்கே கிடைக்கலாம். அவர் கைப்பக்குவம் சிறந்ததாகவும் இருக்கலாம். செயலாளர் உறவை முதலிலேயே சொல்லிவிட்டு, விலை பேசும் வேளையில் எழுந்து வெளியே சென்றுவிட்டால் போதும். சங்கத்தின் பணத்துக்கும் பழுதில்லை. மைத்துனரையும் நாளை எவரும் பழிக்க இயலாது. உறவினர்க்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உபகாரமும் அதுவே.