யார் கையால் உண்பது?

பசித்தவருக்கு உணவளிப்பதை உயர்ந்த அறமாகப் போற்றாத சமயம் ஒன்றைக் காண்பது அரிது. ஆயினும் பசித்தவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதையும், அவர் சமைத்ததை அவர் கையாலேயே வாங்கி உண்பதையும் அதே அளவுக்கு வலியுறுத்திய சமயங்கள் மிகச் சிலவே. முதலாவது ஈகை, இரண்டாவது பந்தி. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மனிதர்களுக்கிடையே அவை உண்டாக்கும் உறவு வேறுவேறானது என்பதையும், பல சமூகத்து அண்டை அயலார் கூடி உண்ணும் பொதுவிருந்தின் சமயப் பொருள் இரண்டாவதில்தான் அடங்கியிருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈகையில் உணவு மேலிருந்து கீழ் நோக்கியே செல்கிறது. கொடுப்பவர் புண்ணியமும் புகழும் பெறுகிறார். பெறுபவர் பசி நீங்குகிறார். இருவருக்கும் இடையே முன்பிருந்த தொலைவு அப்படியே இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உணவுக்கென எழுதி வைக்கப்பட்ட நிலங்களையும் பொன்னையும் பற்றி நிறையவே பேசுகின்றன. ஆனால் உண்ணப்போகிறவர் அந்தணரா, சிவயோகியரா, அடியாரா என்பதையும் அவை பெரும்பாலும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. இராமலிங்க அடிகள் 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவியபோது இந்த வரையறையை நீக்கி, பசி ஒன்றையே தகுதியாக வைத்தது தமிழ்ச் சமய வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம் என்றே சொல்ல வேண்டும். பசி தீர்ப்பது என்னும் அளவில் ஈகைக்கு எந்தக் குறையும் இல்லை. பட்டினி கிடப்பவருக்குப் பந்தித் தத்துவத்தைவிடச் சோறுதான் முதலில் தேவை. ஆயினும் ‘உன் பசியை நான் தீர்ப்பேன்’ என்று சொல்லக்கூடிய ஒருவர், ‘உன் கையால் நான் உண்பேன்’ என்று சொல்லத் தயங்குவது உலகில் எங்கும் காணக்கூடியது. அந்தத் தயக்கத்தின் வேர் எது என்பதே இங்கு எழும் வினா.

உணவைக் குறித்த விதிகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விடை சற்றுத் தெளிவாகும். ஒரு வகை, எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று கூறுவது. யூதர்களின் கோஷர் விதிகளும், இசுலாமியர்களின் ஹலால் விதிகளும், சமணர்கள் கிழங்குகளை விலக்குவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வகை, யாரோடு உண்ணலாம், யார் சமைத்ததை உண்ணலாம் என்று கூறுவது. முதல் வகை விதி ஒருவருடைய நோன்பாகவோ ஒரு சமூகத்தின் அடையாளமாகவோ இருக்க முடியும். அதைக் கடைப்பிடிப்பவர் அடுத்தவரைத் தாழ்ந்தவராகக் கருத வேண்டிய கட்டாயம் இல்லை. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், வேதம் அருளப்பெற்ற பிற சமூகத்தாரின் உணவு முசுலிம்களுக்கும், முசுலிம்களின் உணவு அவர்களுக்கும் ஆகுமானது என்று இரு திசையிலும் வழி திறந்து வைத்திருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இரண்டாம் வகை விதியோ உணவைப் பற்றியதே அன்று. அது மனிதரைத் தரம் பிரிப்பது. பொதுவிருந்தை எதிர்ப்பவர்கள் பல நேரங்களில் இரண்டாம் வகை விதியை முதல் வகை விதியின் மொழியில் பேசுவதால், இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துவது அவசியமாகிறது.

இந்தியச் சாதி அமைப்பு இந்த இரண்டாம் வகையை மிக நுட்பமாக வளர்த்தெடுத்தது. வட இந்தியாவில் நெய்யில் பொரித்தெடுத்த ‘பக்கா’ உணவைச் சற்றுப் பரந்த வட்டத்தாரிடமிருந்து பெறலாம் என்றும், நீரில் வெந்த ‘கச்சா’ உணவைத் தம் சாதியாரிடமோ தமக்கு மேலானவராகக் கருதப்பட்டவரிடமோ மட்டுமே பெறலாம் என்றும் வழக்கம் இருந்தது. மனுநீதி நூல், நீத்தார் கடனுக்குரிய விருந்தைப் பற்றிக் கூறுமிடத்தில், தாம் அமர்வதாலேயே பந்தியைத் தூய்மையாக்குகிறவர்களை ‘பங்க்தி பாவனர்’ என்றும், தாம் அமர்வதாலேயே அதைக் கெடுத்துவிடுகிறவர்களை ‘அபாங்க்தேயர்’ என்றும் வகைப்படுத்துகிறது. உண்போர் வரிசை இங்கு ஒரே உடலாகக் கருதப்படுகிறது; ஓரத்தில் ஒருவர் அமர்ந்தால் அதன் விளைவு மறுமுனை வரை செல்லும். தீண்டாமையின் உளவியலை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் கருத்து வேறு இருக்குமா என்பது ஐயமே.

பந்தியிலிருந்து விலகுவது எவ்வளவு பெரிய செயல் என்பதை ஆதிக் கிறித்தவ வரலாறும் காட்டுகிறது. அந்தியோகியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்ததும் அஞ்சிப் பின்வாங்கினார் என்றும், பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் கண்டித்தார் என்றும் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபம் கூறுகிறது. பேதுரு கோட்பாடு எதையும் மறுக்கவில்லை. பந்தியை விட்டு விலகியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. பவுலுக்கு அதுவே நற்செய்தியை மறுத்ததற்குச் சமமாகப் பட்டது.

சீக்கிய சமயம் இந்த உண்மையை வழிபாட்டின் வாயிலிலேயே நிறுத்தியது. குருநானக் தம் இறுதிக் காலத்தைக் கழித்த கர்த்தார்பூரில் தொடங்கிய பொது அடுக்களை ‘லங்கர்’ எனப்படுகிறது. சூஃபி ஞானியரின் மடங்களிலும் இதே பெயரில் அன்னசாலைகள் இருந்தன. இரண்டாம் குரு அங்கதின் துணைவியார் மாதா கீவி லங்கரில் ஆற்றிய தொண்டு குரு கிரந்த சாகிபிலேயே இடம்பெற்றிருக்கிறது. மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் இருந்தபோது, தம்மைக் காண வருபவர் எவராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ட பின்னரே சபைக்கு வர வேண்டும் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்பது சீக்கியர் போற்றும் மரபு. முதலில் பந்தி, பிறகு சபை என்ற இந்த வரிசைமுறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். சமத்துவத்தைப் பற்றிய உபதேசம் கேட்டு மனம் மாறிய பின்னர் ஒன்றாக உண்ணலாம் என்று அது கூறவில்லை. உடல் முதலில் அமரட்டும், உபதேசம் பின்னர் வரட்டும் என்கிறது.

லங்கரின் நடைமுறைகளில் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. ரொட்டி பரிமாறுபவர் வரும்போது, அமர்ந்திருப்பவர் இரு கைகளையும் ஏந்தி அதைப் பெற்றுக்கொள்கிறார். செல்வரும் அவ்வாறே, வறியவரும் அவ்வாறே. ஈகையில் வறியவருக்கு மட்டும் உரியதாக இருந்த ஏந்தும் கை இங்கு எல்லாருக்கும் உரியதாகிவிடுகிறது. ஏந்தியவரே அடுத்த வேளையில் பாத்திரம் துலக்கலாம், மாவு பிசையலாம், பிறர் கழற்றிவிட்ட காலணிகளைத் துடைக்கலாம். சமய ஒழுங்கை மீறியவர்களுக்கு அகால் தக்த் பீடம் விதிக்கும் ‘தங்கா’ எனப்படும் கழுவாய்களில் லங்கர் பாத்திரங்களைத் துலக்குவதும் அடங்கும். உணவு சைவமாகவே இருப்பதால், பல்வேறு உணவு நோன்புகள் உடையவர்களும் பெரும்பாலும் தயக்கமின்றி உண்ண முடிகிறது. எதை உண்பது என்பதில் விட்டுக்கொடுத்து, யாரோடு உண்பது என்பதில் உறுதியாக நிற்கும் ஏற்பாடு இது.

ஆயினும் நிறுவனம் எத்தனை உயர்ந்ததாயினும் பழைய தயக்கம் அதற்குள்ளும் புகுந்துவிடும். 1920 அக்டோபர் 12 அன்று, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாகத் தீட்சை பெற்ற சீக்கியர்கள் கடா பிரசாதம் எனப்படும் கோதுமை இனிப்பை அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குக் கொண்டுவந்தபோது, அங்கிருந்த பூசாரிகள் அவர்கள் கையிலிருந்து அதை ஏற்க மறுத்தனர். இங்கு தடையாக இருந்தது அவர்கள் தருவதைப் பெறுவதே. தீர்வு வேண்டிக் கிரந்தத்தைத் திறந்து பார்க்கையில் வந்த பாடல் புதியவர்களுக்கு ஆதரவாக அமைந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. குருத்துவாராக்களைப் பரம்பரைப் பொறுப்பாளர்களிடமிருந்து மீட்ட அகாலி இயக்கத்தின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இது அமைந்தது. ஒரு கவளம் இனிப்பு யார் கையிலிருந்து வருகிறது என்ற வினா ஒரு சமயத்தின் ஆட்சிமுறையையே மாற்றும் வலிமை பெற்றிருந்தது.

கேரளத்தில் இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1917 மே 29 அன்று, சகோதரன் அய்யப்பன் செராயி என்னும் ஊரில் ‘மிச்ரபோஜனம்’ நடத்தினார். பல சாதியார் கலந்து உண்பது என்பது இச்சொல்லின் பொருள். ஈழவரான அவர் அழைத்து அமர்த்தியது மேல்சாதியாரை அன்று. ஈழவர்களே தீண்டாதவர்களாக ஒதுக்கிவைத்திருந்த புலையர்களை. இந்நிகழ்ச்சியின் முழுப் பெருமையும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. தமக்கு மேலே இருப்பவரின் பந்தியில் இடம் கேட்பது உரிமைப் போராட்டம். தமக்குக் கீழே என்று தாமே நினைத்திருந்தவரோடு அமர்வது தம்மிடமே தொடங்கும் போராட்டம். அதன் விலையையும் அவர் கொடுத்தார். சொந்தச் சாதியினர் ஊர்விலக்கு செய்து, ‘புலையன் அய்யப்பன்’ என்று இழித்துக் கூறியபோது, அவர் அப்பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆசானாகிய நாராயண குரு அவருக்குத் துணைநின்றதோடு, மனித சாதி ஒன்றே என்பதால் கலப்பு மணமும் கலந்துண்ணலும் தவறாகா என்ற கருத்தைப் பின்னர் தம் செய்தியாகவும் எழுதிக் கொடுத்தார்.

தமிழகத்தில் இதே வினா சேரன்மாதேவியில் எழுந்தது. வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்கள் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டது தெரியவந்தபோது, காங்கிரசின் நிதியையும் பெற்ற ஒரு தேசியக் கல்வி நிலையத்தில் இது தகுமா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டனர். பெற்றோர் வேண்டுகோளுக்கு இணங்கிச் செய்த சிறு விலக்கு என்பதே அய்யர் தரப்பின் விளக்கமாக இருந்தது. அவர் தனிப்பட்ட முறையில் சாதி பாராட்டாதவர் என்பதில் ஐயமில்லை. 1925-இல் பாபநாசம் அருவியில் அவர் உயிர் நீத்தது தமிழுக்குப் பேரிழப்பு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கேட்டவர்கள் தனிமனிதரின் நல்லெண்ணத்தைக் கேட்கவில்லை. தேசியத்தைக் கற்பிக்க எழுந்த நிலையம் பந்தியில் எதைக் கற்பிக்கிறது என்பதையே கேட்டனர்.

இவ்வளவும் சொன்ன பின்னர் எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வது கடமையாகும். 1936-இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர், சமபந்தி உணவால் சாதி உணர்வு அழிந்துவிடவில்லை என்றும், பல சாதிகள் தமக்குள் கலந்துண்ண அனுமதித்தும் சாதியாகவே நீடிக்கின்றன என்றும், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும் வாதிட்டார். இதை மறுப்பது எளிதன்று. ஒருநாள் விருந்து முடிந்ததும் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடலாம். திருமணத்திலிருந்து அவ்வாறு திரும்ப முடியாது. ஆனால் அம்பேத்கரின் வாதம் வீழ்த்துவது அரிதாக நிகழும் விருந்தைத்தான். கோயிந்த்வாலின் விதியில் உள்ளது விருந்தன்று, பழக்கம்: ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னும், உடல் திரும்பத் திரும்பப் பயிலும் ஒன்று. அருவருப்பு என்பது கருத்தாக இருந்தால் வாதம் அதை நீக்கும். நாக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் அருவருப்பை நாள்தோறும் உண்பதைத் தவிர வேறெதுவும் நீக்குவதாகத் தெரியவில்லை.

இந்த நோக்கில், விடுதலை நாளன்று தமிழகக் கோயில்களில் அரசு நடத்தும் பொதுவிருந்தைவிட, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் விரிந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்த பள்ளி உணவே பெரிய சமய நிகழ்வு. அதைத் தொடங்கியவர்கள் அவ்வாறு கருதியிராவிட்டாலும் கூட. ஐந்து வயதிலிருந்து நாள்தோறும், ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே சோற்றை ஒரே வரிசையில் உண்கின்றனர். அதனால்தான் எதிர்ப்பும் அங்கேயே எழுகிறது: பட்டியல் சமூகத்துப் பெண் ஒருவர் சமைக்க வந்தபோது, சில ஊர்களில் பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்திருக்கின்றனர். அரிசியையும் பருப்பையும் அவர்கள் மறுக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து அமர்வதைக்கூடப் பொறுத்துக்கொண்டனர். சமைத்த கையைத்தான் மறுத்தனர். அவ்வேளையில் அந்தச் சமையலரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவது, யாருக்கும் பாதகமின்றிச் சிக்கலைத் தீர்க்கும் நிர்வாக ஏற்பாடாக அதிகாரிகளுக்குத் தோன்றலாம். சேரன்மாதேவியில் இரண்டு மாணவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியதும் அத்தகைய ஏற்பாடாகவே தோன்றியிருந்தது.